நொய்யல் கரைப் பாதை வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள் பாதையாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நொய்யல் ஆற்றின் கரையோரச் சாலைகளைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வருகின்றன. திருப்பூர் நகருக்குள் வாகன நெரிசலைக் குறைக்க அந்தச் சாலைகள் எந்த அளவுக்கு உதவும், கரையில் பூங்காவும் இருக்கைகளும் அமைத்தால் ஊர் எப்படி அழகு பெறும் என்ற கோணங்களிலேயே அவை பெரும்பாலும் எழுதப்படுகின்றன. இவற்றுள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கரையில் காலை வெயில் ஏறும் முன்பும் இருட்டிய பின்பும் சைக்கிளில் வேலைக்குப் போய்த் திரும்புகிற பனியன் கம்பெனித் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரியாவது வரும் என்று பல ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்து, வராததால் இக்கடிதத்தை எழுதுகிறேன். மங்கலத்திலிருந்து ஆண்டிபாளையம் வழியாக நகருக்குள் நுழைந்து, மண்ணரை, காசிபாளையம் வரை ஆற்றையொட்டி எங்கும் அறுபடாத ஒரு சைக்கிள் பாதை திருப்பூருக்கு வேண்டும். வேலைக்குப் போகிறவர்களை முதலில் மனத்தில் வைத்து அது அமைக்கப்பட வேண்டும். இதுவே என் கோரிக்கை.

நான் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவன். வீடு மங்கலத்தில், கம்பெனி நகரின் கிழக்குப் பகுதியில் இருந்தது. தொடக்கத்தில் மங்கலம் சாலையில்தான் போய்வந்தேன். துணி ரோல் ஏற்றிய லாரிகளும் ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி வேன்களும் ஒன்றையொன்று முந்தும் அந்தச் சாலையில், ஓரத்து மண்ணில் இறங்குவதும் மீண்டும் தாரில் ஏறுவதுமாகவே சைக்கிள் ஓட்ட வேண்டும். ஒரு மாலை, பின்னால் வந்த வேனின் பக்கக் கண்ணாடி என் தோளில் இடித்தது. மறுநாளே ஆற்றங்கரைக்கு மாறிவிட்டேன். அன்று அதைப் பாதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சில இடங்களில் கள்ளிவேலிக்கு நடுவே போகும் இட்டேரி, சில இடங்களில் ஆடு மாடு ஓட்டிச் செல்லும் தடம், சில இடங்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டிய ஓடை. நேரம் கால் மணி கூடுதலாக ஆகும். ஆனால் எந்த வண்டிக்கும் வழிவிட்டு இறங்க வேண்டியதில்லை என்ற நிம்மதிக்காக ஏனைய ஆண்டுகள் முழுவதும் அந்த வழியாகவே போய்வந்தேன். இப்போதும் வாரத்தில் நான்கைந்து நாட்கள் போகிறேன்.

அந்த வழியைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மங்கலத்துக்கு அருகே நல்லம்மன் தடுப்பணையும், ஆற்றுக்குள்ளேயே அமைந்த அம்மன் கோயிலும் இருக்கின்றன. மேற்கே மழை பிடித்தால் வெள்ளம் கோயிலைச் சூழ்ந்துகொள்ளும். கோடையில் வெள்ளியங்கிரி மலைத் தண்ணீர் இவ்வளவு தூரம் வந்து சேராது. மேலே உள்ள ஊர்களின் சாக்கடை நீர்தான் ஆறாக ஓடும். அந்த நீர் தடுப்பணையிலிருந்து விழும் இடத்தில் சோப்பு நுரை குவிந்து, காற்றடிக்கும் நாட்களில் பறந்துவந்து ஹேண்டில்பாரிலும் சட்டையிலும் ஒட்டும். அதைத் தாண்டினால் கொஞ்ச தூரம் தென்னந்தோப்பும் நாணலும் வரும். ஆகாயத்தாமரை மூடிய நீரின் மேல் கொக்குகள் நடப்பதைக் காணலாம். ஆண்டிபாளையம் குளத்தின் பக்கத்தில் காலை ஏழு மணிக்குக் காற்று இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கும். பிறகு சிறிது சிறிதாக நகரம் தொடங்கும். முதலில் தெரிவது கட்டடங்கள் இல்லை, ஓசைதான். நிட்டிங் மிஷின்களின் இரைச்சல் இரவும் பகலும் நிற்பதில்லை. பின்னர் பாய்லருக்காக அடுக்கிய விறகின் மணமும், சலவைப் பட்டறையிலிருந்து வரும் நெடியும் ஒன்றாகக் கலந்து வரும். கண்ணைக் கட்டி அழைத்துச் சென்றாலும் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று இந்தக் கரையில் சைக்கிள் ஓட்டுகிற எவராலும் சொல்லிவிட முடியும்.

நகருக்குள் வந்துவிட்டால் ஆற்றின் இருபுறமும் கம்பெனிகளின் பின்சுவர்களே. வாசலும் பெயர்ப்பலகையும் சாலைப் பக்கம். கழிவறைக் குழாயும் குப்பைக் குவியலும் உடைந்த மேசைகளும் ஆற்றுப் பக்கம். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், நொய்யலைப் பொடக்காலியாக்கி, அதாவது வீட்டுக் கொல்லைப்புறமாக்கி வைத்திருக்கிறோம். வளர்மதி பாலத்தின் மேல் நாள்தோறும் எத்தனையோ பேர் கடக்கிறார்கள். பாலத்தில் செல்கிறவர்களுக்கு ஆறு சில நொடிகள் மட்டுமே கண்ணில் படுகிறது. மூக்கைப் பொத்திக்கொள்ளும் நேரத்துக்குள் பாலம் முடிந்துவிடுகிறது. ஆற்றின் நீளத்துக்கு அதனோடு சேர்ந்து போகிறவர்களுக்குத்தான் எந்த ஓடை எங்கே வந்து கலக்கிறது, நேற்று இல்லாத எந்தக் குழாய் இன்று புதிதாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் தெரியும்.

இதை நான் வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. எங்கள் நிறுவனத்துக்குத் துணி சாயமேற்றித் தந்த பட்டறை ஒன்றின் கணக்கையும் சில ஆண்டுகள் நானே எழுதினேன். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டுமானால் தொட்டியில் உப்பை நிறையக் கொட்ட வேண்டும். உப்பு சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளும். ஆனால் உப்பு துணிக்குள் போகாது, ஏறக்குறைய முழுவதும் தண்ணீரிலேயே தங்கிவிடும். மாதந்தோறும் வாங்கிய உப்பு மூட்டைகளை வரவில் எழுதினேன். சாயம் துணியோடு வெளியே போனதற்குக் கணக்கு இருந்தது. அந்த உப்பு எங்கே போயிற்று என்பதை எழுத எங்கள் பேரேட்டில் இடம் இருக்கவில்லை. மாலையில் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வண்ணம் மாறி ஓடும் நீரைப் பார்த்தபோதுதான் பேரேட்டில் நான் எழுதாமல் விட்டது என்ன என்று புரிந்தது. அப்போது நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றும் எனக்கு இருக்கிறது.

நாங்கள் சொல்லாமல் விட்டதைக் கீழே இருந்த விவசாயிகள் சொன்னார்கள். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறிப்போனதையும், அந்த நீரைத் திறந்தால் கீழே உள்ள நிலமும் திறக்காவிட்டால் சுற்றியுள்ள கிணறுகளும் கெட்டதையும் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் கடுமையான உத்தரவுகளைப் பிறப்பித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறையைப் பின்பற்றாததால் 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, நகரமே செயலிழந்து நின்றது. அதன் பிறகுதான் கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரித்தெடுத்து, மிஞ்சிய கரைசலைக் காய்ச்சி உப்பை மீட்டு, மீண்டும் சாயத் தொட்டிக்கே அனுப்பும் சுத்திகரிப்பு நிலையங்கள் முழு அளவில் இயங்கத் தொடங்கின. நான் கணக்கில் எழுதாமல் விட்ட உப்புக்கு அப்படியாக ஒரு கணக்கு வந்தது. அந்த மாற்றத்தையும் கரையில் சைக்கிள் ஓட்டியே பார்த்தேன் என்பதால், இது மேடைப் பேச்சுக்காகச் சொல்லப்படும் வெற்றி இல்லை, உண்மையான முன்னேற்றம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேலானதைத் தருகிற ஊர், தான் கெடுத்த நீரைத் தானே சுத்தப்படுத்தப் பழகியிருக்கிறது.

ஆனால் பணி முடியவில்லை. சாக்கடை நீர் இன்னும் ஆற்றில்தான் கலக்கிறது. மழை இரவுகளில், வெள்ளத்தோடு வெள்ளமாகப் போய்விடும் என்ற துணிச்சலில் கழிவைத் திறந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு ஐப்பசி மாத இரவில், வேலை முடிந்து என்னோடு கரைவழியாகத் திரும்பிய, தைத்த ஆடைகளைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவுப் பெண்கள் இருவர், ஓடை கலக்கும் இடத்தில் தண்ணீர் ஆவி பறக்கக் கொட்டுவதைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினார்கள். மழைநீர் சூடாக இருக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதிகாரிகளுக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னோம். மறுநாள் காலையில் வந்து பார்த்து, மண்ணுக்குள் புதைத்திருந்த குழாயைத் தோண்டி எடுத்து அடைத்தார்கள். அந்த இடம் எந்தச் சாலையிலிருந்தும் தெரியாது. அந்த இரண்டு பெண்களும் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு, காலை எட்டரைக்குத் தொடங்கிய வேலையை இரவு எட்டரைக்கு முடித்து, களைப்போடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இன்றைக்குக் கரை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். நகருக்குள் சில இடங்களில் நல்ல கான்கிரீட் சாலை இருக்கிறது. அது தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் என்ன நடக்கிறது என்பதில்தான் குறை. அகலமாக உள்ள பகுதியில் சரக்கு வேன்களை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். அகலம் குறைந்த பகுதியில் விற்க முடியாத கட்டிங் வேஸ்ட் துணியைக் கொட்டி இரவில் எரிக்கிறார்கள். அந்தப் புகையில் பாலியஸ்டர் கலந்திருப்பதால் அதைக் கடந்து போகும்போது நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. திடீரென்று ஒரு சுவர் வந்து பாதையை முடித்துவைக்கும். சுவரைச் சுற்றிப் பிரதான சாலைக்குப் போய், அரை கிலோமீட்டர் நெரிசலில் ஊர்ந்து, மறுபடியும் ஏதாவது ஒரு சந்து வழியாகக் கரைக்கு இறங்க வேண்டும். பெரும்பாலான தொலைவுக்கு விளக்கு கிடையாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மழை நாளில், பெயர்ந்திருந்த சாக்கடை மூடிக்கல் இருட்டில் தெரியாமல் விழுந்து, முழங்கால் சிப்பி உடைந்து ஏழு வாரம் படுக்கையில் இருந்தேன். எனக்கு மாதச் சம்பளம் என்பதால் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதே இடத்தில் ஒரு டெய்லர் விழுந்திருந்தால், அடுத்த சனிக்கிழமையே அவர் கைக்குச் சம்பளம் வந்திருக்காது.

இந்தக் காலத்தில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. காலை எட்டு மணிக்குக் கரையில் வந்து நின்று பார்க்கும்படி அவர்களை அழைக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளையே படிப்பு முடிந்து கம்பெனிக்கு வந்த பிறகும் ஓட்டுகிற பெண்களை அங்கே பார்க்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, பழைய சைக்கிளை வாங்கிப் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிற இளைஞர்களைப் பார்க்கலாம். பைக் வாங்கத் தவணை கட்ட முடியாத காரணத்தாலும், கட்டி முடித்தாலும் பெட்ரோலுக்கு வாரக்கூலியில் ஒரு பகுதி போய்விடும் என்ற கணக்காலும் சைக்கிளை வைத்திருக்கிற நடுவயதுக்காரர்களைப் பார்க்கலாம். இவர்கள் யாரும் உடற்பயிற்சிக்காக வருவதில்லை. கோவையில் உக்கடம் பெரியகுளக் கரையில் அமைத்திருப்பதைப் போன்ற உலாவும் இடங்கள் மாலைப் பொழுதுக்கு மிகவும் நல்லவை; என் பேரனை நானே அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். ஆனால் குளத்தைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்கிற பாதைக்கும், வீட்டிலிருந்து வேலையிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பாதைக்கும் தேவைகள் வேறு. முன்னதற்கு அழகான இருக்கை முக்கியம். பின்னதற்கு இரவு ஒன்பது மணிக்கு எரிகிற விளக்கும், பாலத்தின் அடியில் குனியாமல் கடக்கிற வழியும், நடுவில் எங்கும் சுவர் வராத தொடர்ச்சியும் முக்கியம்.

கரையில் பாதை வேண்டும் என்று நான் சொல்வதை, ஆற்றுக்குள் மண் நிரப்பிச் சுவர் எழுப்பிச் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம் என்பதையும் இங்கே தெளிவுபடுத்திவிடுகிறேன். ஆறு ஏற்கெனவே போதுமான அளவுக்கு நெருக்கப்பட்டிருக்கிறது. ஜம்மனை ஓடையும் சங்கிலிப்பள்ளமும் பெருக்கெடுக்கும் நாட்களில் கரையோரக் குடியிருப்புகள் படும் பாட்டைப் பார்த்தவர்கள், இன்னும் ஓர் அடியைக்கூட ஆற்றிலிருந்து எடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள். சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மூன்று மீட்டர் அகலம் இருந்தால் போதும். பல இடங்களில் இறுக்கமாகத் தட்டிய கிராவல் மண்ணே போதுமானது. பெரிய வெள்ளத்தில் சில நாட்கள் அது மூழ்கினாலும் குற்றமில்லை. தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரிவிட்டு ஓட்டத் தொடங்கலாம். கார் நுழையாதபடி இரு முனைகளிலும் கல் நடுவது மட்டும் கட்டாயம். நான்கு சக்கரம் நுழைய இடம் விட்டால் ஒரே மாதத்தில் அது வேன் நிறுத்துமிடமாகிவிடும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

ஆற்றங்கரைப் பாதை நமக்குப் புதிய எண்ணமும் இல்லை. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பழைய வணிக வழி நொய்யல் படுகையையொட்டியே சென்றது. சங்க இலக்கியம் கொடுமணம் என்று சொல்லும் கொடுமணல், சென்னிமலைக்கு அருகே இதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகளும் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய பட்டறைகளும் அங்கே அகழாய்வில் கிடைத்துள்ளன. உழைக்கிறவர்களும் சரக்கும் ஆற்றோடு சேர்ந்தே நடந்த மண் இது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றையும் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் மகள் ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் படித்தபோது, எம்ஷர் என்ற ஆற்றைப் பற்றி அடிக்கடி எழுதுவாள். நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலைகளும் நிறைந்த அந்தப் பகுதியில், சுரங்கங்களால் நிலம் தாழ்ந்துகொண்டே இருந்ததால் பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் பதிக்க முடியாமல், ஓர் ஆற்றையே கான்கிரீட் கால்வாயாக்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் திறந்த சாக்கடையாக ஓடவிட்டார்கள். யாரும் விழுந்துவிடக் கூடாது என்று கரை நெடுக வேலி. ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிந்த அதே 1992-இல் அவர்கள் ஆற்றை மீட்கும் பணியைத் தொடங்கினார்கள். பூமிக்கடியில் பெரிய கழிவுநீர்க் குழாயைப் பதித்து, 2021-இன் முடிவில் ஆற்றைக் கழிவுநீர் கலக்காததாக ஆக்கினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுப் பணி. அந்தப் பணி முடியும்வரை காத்திருக்காமல், பராமரிப்பு வண்டிகள் போய்வந்த கரைவழியைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டதுதான் என் மனத்தைத் தொட்டது. ஆறு நாறிக்கொண்டிருந்தபோதே மக்கள் அதன் பக்கத்தில் சைக்கிள் ஓட்டினார்கள்; அது மெல்ல மெல்லத் தெளிவதைக் கண்ணால் கண்டார்கள். ஆறு சுத்தமான பிறகு பாதை போடலாம் என்று இங்கே சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நொய்யலில் இதைச் செய்ய முப்பது ஆண்டுகள் வேண்டியதில்லை. இருக்கிற துண்டுகளைச் சேர்த்துவிட்டாலே பாதியளவு பணி முடிந்துவிடும். முதலில் ஆண்டிபாளையத்திலிருந்து வளர்மதி பாலம் வரையிலும், அடுத்து மண்ணரையிலிருந்து காசிபாளையம் வரையிலும் இடையில் அறுபட்ட பகுதிகளை அளந்து, அரசு நிலம் எது என்று கல் நட்டு உறுதிப்படுத்த வேண்டும். மண்ணரையில் தன்னார்வலர்கள் முயற்சியால் மீண்ட மூளிக்குளத்தை இந்தப் பாதையோடு இணைக்கலாம். நொய்யலில் வந்து சேரும் நல்லாற்றின் வழியே ஒரு கிளையைக் கொண்டுபோனால் நஞ்சராயன் குளம் வந்துவிடும். 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்ற அந்தக் குளத்துக்கு, அதைச் சுற்றி வாழும் தொழிலாளர்களின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையில் பயமின்றிச் சைக்கிளில் போய்வர ஒரு வழி இருக்க வேண்டும். அங்கே மட்டும் விளக்குகளைத் தாழ்வாகவும் ஒளி குறைவாகவும் வைத்தால் பறவைகளுக்கும் தொல்லையிராது.

இன்னொரு யோசனை. செலவு மிகக் குறைவானது என்பதால் இதை உடனே செய்யலாம். ஆற்றில் விழுகிற ஒவ்வொரு ஓடைக்கும் கால்வாய்க்கும் குழாய்க்கும் ஓர் எண் கொடுத்து, கரையில் பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்து, புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணையும் அதன் கீழே எழுதிவைக்க வேண்டும். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுத வேண்டும், ஏனெனில் கரையில் போகிறவர்கள் படிப்பது அவைதான். அன்று ஐப்பசி இரவில், சூடான நீர் கொட்டிய இடத்தைத் தொலைபேசியில் விளக்கிச் சொல்ல எங்களுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. எந்தத் தோப்புக்குப் பின்னால், எந்தக் கம்பெனிச் சுவருக்கு அப்புறம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதிகாரி நேரில் வந்த பிறகும் நான் போய் நின்று காட்ட வேண்டியிருந்தது. ஓர் எண் எழுதியிருந்தால் அந்தப் பெண்களே ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அரை மணி முன்னதாக வீடு சேர்ந்திருப்பார்கள். எண் இல்லாத குழாய் ஒன்று கரையில் தெரிந்தாலே அது திருட்டுக் குழாய் என்பதும் தானாக விளங்கிவிடும்.

மாநகராட்சியும் நீர்வளத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தொழில் அமைப்புகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசும்போது, சைக்கிளில் வருகிறவர்கள் சிலரையும் அந்த மேசைக்கு அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வார நாளில் கூட்டம் வைத்தால் அவர்களால் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்க வேண்டும். தங்கள் செய்தியாளர் எவரேனும் இந்தக் கரையை நேரில் பார்க்க விரும்பினால், எந்த நாளானாலும் காலை ஏழு மணிக்கு நல்லம்மன் தடுப்பணையில் இருந்து உடன் வர நான் தயாராக இருக்கிறேன். சைக்கிள் இல்லையென்றால் என் வீட்டில் இன்னொன்று இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மங்கலம், திருப்பூர் மாவட்டம்.